மூடியைத் தூக்கப்போவது யார்?

வன்னியில் வீடு கட்டுகிறவர்கள் கூரைக்கும் நிலத்துக்கும் யன்னல் கம்பிக்கும் மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். மழைநீர் போகும் குழாயைப் பற்றிய யோசனை வேலை முடிகிற நாளில்தான் வருகிறது. கையில் மிஞ்சிய காசுக்கு நாலைந்து நீளம் பி.வி.சி. குழாய் வாங்கி, முற்றத்தைக் கிழித்துப் புதைத்து, மேலே சீமெந்து இழுத்துவிட்டால் அந்தக் காரியம் என்றைக்குமாக முடிந்துவிட்டது என்பது பொதுவான நம்பிக்கை. படவரைஞராக நீண்ட காலம் வேலை செய்த நான் இந்த நம்பிக்கையைப் பல வளவுகளில் கண்டிருக்கிறேன். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்தில் என் மாமி இருக்கிற வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு அதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. நிலத்தடியில் போகும் மழைநீர்க் குழாய்க்கு முன்னால் மண்ணைப் பிடிக்க ஒரு தொட்டி வேண்டும், இடையிடையே திறந்து பார்க்க ஒரு வாய் வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அவற்றை அந்த வீட்டில் இருப்பவரே, இன்னொருவரைக் கூப்பிடாமல், திறந்து துப்புரவாக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று அதைவிட உறுதியாக நினைக்கிறேன்.

குழாய்க்குள் கண்டது

மாமியின் வீடு போருக்குப் பிந்திய மீள்குடியேற்றக் காலத்து வீட்டுத்திட்ட வீடுகளில் ஒன்று. அந்த நாட்களில் எவ்வளவு காசுக்குள் வீடுகள் எழும்பின என்பதை வாசிப்பவர்கள் அறிவார்கள். 2012 இல் பெருமளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டம் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கொடுத்தது. அத்திவாரத்துக்கும் சுவருக்கும் கூரைக்கும் அது காணுமோ என்ற ஏக்கத்தோடுதான் எல்லோரும் கல் வைத்தார்கள். கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலியும் குழாயும் அன்றைய கணக்கில் இடம்பெற வழியிருக்கவில்லை. பிறகு வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய காசில் மாமி முன்னுக்கு ஒரு விறாந்தையும் பின்னுக்கு ஒரு குசினியும் இறக்கினார், கூரையைச் சுற்றிப் பீலி பொருத்தினார், முற்றத்தில் பாதிக்குச் சீமெந்து போட்டார். கோடையில் கிணறு அடித்தட்டுக்குப் போய்விடுகிறது என்பதால், கூரைத் தண்ணீர் முழுவதையும் முற்றத்தின் கீழால் கொண்டுபோய்க் கிணற்றுக்கு அண்மையில் வெட்டிய உறிஞ்சு குழியில் விட்டார்கள். நல்ல எண்ணம். சில மாரிகளுக்கு அது நன்றாகவே வேலை செய்தது.

பிறகு ஒரு கார்த்திகையில், விடாமல் பெய்த மழையின் இரண்டாம் நாள், சுவரோரம் இறங்கும் குழாயின் பொருத்தில் இருந்து தண்ணீர் பீறிட்டு விறாந்தைக்குள் வந்தது. அடுத்த நாள் குசினிச் சுவரின் அடிப்பக்கம் ஊறிப்போய்ச் சாந்து கழன்றது. மழை விட்டதும் மேசனைக் கூப்பிட்டார்கள். எங்கே அடைத்திருக்கிறது என்பது எவருக்கும் தெரியவில்லை. குழாய் எந்த வழியால் போகிறது என்பதே வீட்டில் யாருக்கும் சரியாக நினைவில் இல்லை. அலவாங்கால் முற்றத்துச் சீமெந்தை இங்கே உடைத்து, அங்கே உடைத்து, குழாய் அகப்படாமல் இன்னோர் இடத்தில் உடைத்து, கடைசியில் குசினி மூலையில் குழாய் திரும்பும் எல்போவில்தான் அடைப்பைக் கண்டார்கள். அதற்குள் முற்றம் உழுத வயலாகிவிட்டது.

அந்தத் துண்டை வாளால் அறுத்தெடுத்து மேசன் ஒரு தடியால் பின்னாலிருந்து தள்ளியபோது, உள்ளே இறுகியிருந்தது குழலில் இருந்து பிட்டு வருவதுபோல உருளையாக வெளியே வந்து விழுந்தது. நான் அதைக் கையில் எடுத்து நெடுநேரம் பார்த்தேன். அடியில் பருமணல், அதன்மேல் சிவந்த நுண்மணல், அதற்கும் மேல் விரலால் தேய்த்தால் சவர்க்காரம்போல வழுக்கும் களி, பிறகு மீண்டும் பருமணல். ஒவ்வொரு பெருமழையும் தான் கொண்டுவந்ததை எடையின் ஒழுங்கில் படியவிட்டுப் போயிருந்தது. தட்டுகளுக்கு இடையில் வேப்பிலைக் காம்புகள் குறுக்கும் மறுக்குமாகக் கிடந்தன. இலை உக்கிப்போயும் காம்பு உக்காமல், ஒன்றோடொன்று பின்னி மண்ணைப் பிடித்து வைத்திருந்தது. பொருத்தின் ஒரு பக்கத்தால் மயிர்போல மெல்லிய வேர்கள் நுழைந்து அந்தப் பின்னலுக்குள் பரவியிருந்தன. வெளியே சில அடி தூரத்தில் முருங்கை நின்றது.

மேசன் திறமையான மனிதர், நேர்மையானவரும்கூட. அவர் சொன்ன தீர்வுதான் எனக்குப் பொருந்தவில்லை. "நாலு இஞ்சியை எடுத்துப்போட்டு ஆறு இஞ்சி பைப் போடுவம் தம்பி, பிறகு ஒருக்காலும் அடைக்காது" என்றார். இந்தப் பேச்சைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கேட்டிருக்கிறேன். அடைப்பு வந்தால் குழாய் சிறியது என்று முடிவுகட்டுவது எங்கும் வழக்கம். அன்றிரவு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

குழாயின் அளவில் குறையில்லை

ஆயிரம் சதுர அடிக் கூரை என்பது ஏறத்தாழ 93 சதுர மீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். மணிக்கு 100 மில்லிமீற்றர் வீதத்தில் கொட்டுகிற கடும் மழையை எடுத்துக்கொண்டாலும், அந்தக் கூரையில் இருந்து வருவது செக்கனுக்கு 2.6 லீற்றர்தான். 110 மில்லிமீற்றர் குழாய், அதாவது கடையில் நாலு இஞ்சி என்று கேட்டு வாங்குவது, நூறுக்கு ஒன்று என்ற சரிவில் கிடந்தால் செக்கனுக்கு 6 லீற்றருக்கு மேல் கொண்டுபோகும். நாற்பது அடி நீளத்துக்கு அந்தச் சரிவு என்பது ஏறத்தாழ 5 அங்குல இறக்கம். அந்த இறக்கத்தை ஒழுங்காகக் கொடுத்தால் மாமியின் கூரைக்கு அந்தக் குழாய் தாராளமாகப் போதும். ஆறு இஞ்சிக் குழாய் போட்டால், தூறலாகப் பெய்யும் நாட்களில் அதே சிறு நீர் அகலமாகப் பரந்து, மெலிந்து, மெதுவாக ஓடும். மண் இன்னும் விரைவாகப் படியும். பெரிய குழாய் அடைப்பதற்குக் கூடுதல் காலம் எடுக்கும் என்பது உண்மைதான். அடைத்த பிறகு தோண்டுகிற வேலை மட்டும் குறையாது.

எங்கள் நிலத்தில் இந்த மண் ஏன் இவ்வளவு வருகிறது, வந்த மண் ஏன் போக மறுக்கிறது என்பதற்கு எங்கள் காலநிலையே காரணம். வன்னி உலர்வலயம், ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி கடைசிவரை வாடைக்காற்றோடு வந்து முடிகிறது. வைகாசியில் இருந்து புரட்டாதிவரை சோளகம் என்ற தென்மேற்குக் காற்று கிறவல் வீதிகளின் தூசியை அள்ளி ஒவ்வொரு ஓட்டின் மடிப்பிலும் பீலியின் அடியிலும் கொட்டுகிறது. வேம்பும் பாலையும் இலை உதிர்க்கின்றன. முதல் மழை இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வழித்துக் குழாய்க்குள் தள்ளுகிறது. அதோடு முற்றத்து மண்ணும் சேர்கிறது. இப்பகுதியில் பரவலாக உள்ள செங்கபில மண் ஈரத்தில் ஒட்டும், காய்ந்தால் மண்வெட்டி பாயாத அளவுக்கு இறுகும். தோட்டம் செய்கிற எவரும் இதை அறிவார். ஆண்டு முழுவதும் மழை பெய்கிற கொழும்பிலோ காலியிலோ குழாய்க்குள் படிந்த மண் ஈரமாகவே இருந்து அடுத்த மழையில் ஓரளவு கழுவுண்டு போகலாம். இங்கே தை மாதத்தில் குழாய்க்குள் தங்கியது ஏழெட்டு மாதம் காய்ந்து, குழாயின் வளைவையே அச்சாகக் கொண்டு கல்லாகிவிடுகிறது. அடுத்த ஐப்பசியில் வருகிற மண் அந்தக் கல்லின்மேல் ஏறிப் படிகிறது. ஈரவலயத்துக்காக வரைந்த படத்தைப் பார்த்துச் செய்த குழாய்வேலை இங்கே நின்றுபிடிப்பதில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மண்தொட்டி செய்கிற வேலை

மண்தொட்டி பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. கூரைக் குழாய் வந்து இறங்கும் இடத்தில் புளொக்கல்லால் இரண்டடிக்கு இரண்டடி உட்சதுரமாக ஒரு பெட்டி. தண்ணீர் வெளியேறும் குழாயின் அடி மட்டத்தில் இருந்து பெட்டியின் தளம் ஓரடி கீழே. உள்ளே வந்த நீர் வேகம் குறைந்து, மண்ணை அந்த ஓரடிக்குள் விட்டுவிட்டு, மேலால் வெளியேறுகிறது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று, மண்ணைப் பிடிப்பது தொட்டியின் பரப்பு என்பது. ஆழம் பிடித்த மண்ணைச் சேர்த்து வைப்பதற்கே உதவுகிறது. நான் மேலே சொன்ன கடும் மழையில் செக்கனுக்கு 2.6 லீற்றர் நீர் இந்தப் பரப்பில் பரவும்போது, செக்கனுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் அமிழும் துகள்கள் அடியில் தங்கிவிடும். பத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள நுண்மணல் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான் அமிழ்கிறது. ஆகவே மணலில் பெரும்பகுதி, கடும் மழையிலேகூட, இந்தப் பெட்டிக்குள் அகப்படும். சாதாரண மழையில் இன்னும் நுண்ணியதும் அகப்படும். களி அகப்படாது. களித்துகள் ஓரடி இறங்குவதற்கு அசையாத நீரிலேயே ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். தொட்டி கட்டியும் கலங்கல் தண்ணீர் போகிறதே என்று முறைப்படுகிறவர்களுக்கு இதைத்தான் நான் விளக்குவது வழக்கம்: குழாயை அடைப்பது மணலும் காம்பும், களி தனியே வந்தால் பெரும்பாலும் நீரோடு ஓடிவிடும். ஆனால் கிணற்றுக்குப் பக்கத்தில் உள்ள உறிஞ்சு குழியை அந்தக் களி நாளடைவில் அடைத்துவிடும் என்பதால், குழிக்கு முன்னால் சல்லியும் மணலும் அடுக்கிய வடிகட்டி ஒன்று தனியாக வேண்டும்; அதன் மேல்மணலை ஆண்டுக்கொருமுறை வழித்து எடுத்துப் புது மணல் போட வேண்டும்.

காம்பைத் தடுப்பதற்கு வெளியேறும் குழாயின் வாயில் ஒரு ரீயை, அதாவது T வடிவ இணைப்பை, பொருத்தி, அதன் ஒரு கால் தண்ணீருக்குள் ஆறு அங்குலம் இறங்கும்படி விட்டால் போதும். மிதக்கிற இலையும் காம்பும் மேலேயே நிற்கும், நீர் கீழால் போகும். ரீயின் மேல்வாயைத் திறந்தே விட்டால் அதற்குள்ளால் மூங்கிற் பிளாச்சை விட்டுக் குழாயைக் குத்தவும் முடியும்.

இன்னொன்றையும் நான் வற்புறுத்துவேன். சுவரோரம் இறங்கும் குழாயை நிலத்துக் குழாயோடு இறுகப் பொருத்தாமல், மண்தொட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கம்பித்தட்டின்மேல் விழவிட வேண்டும். அப்போது கீழே எங்காவது அடைத்தாலும் தண்ணீர் தொட்டியின் வாயால் முற்றத்தில் வழியும். மாமியின் வீட்டில் நடந்ததுபோல மேலேறி விறாந்தைக்குள் பாயாது, சுவரையும் ஊறவைக்காது. அடைப்பு வந்திருக்கிறது என்பதை வீட்டுக்காரருக்கு முதல் நாளே காட்டிவிடும். கம்பித்தட்டில் நிற்கும் வேப்பிலையை முற்றம் கூட்டும்போதே விளக்குமாற்றால் தள்ளிவிடலாம்.

குழாயின் வழியைப் பொறுத்தவரை, திரும்புகிற இடங்களில்தான் அடைப்பு உண்டாகிறது. செங்கோணமாகத் திரும்பும் ஒற்றை எல்போவுக்குப் பதிலாக, பாதிக் கோண வளைவுகள் இரண்டை இடைவெளி விட்டுப் போட்டால் நீரும் இழுபடாது, பிளாச்சும் தடக்காமல் போகும். முடிந்தால் திரும்புகிற இடத்திலேயே ஒரு சிறு பெட்டி கட்டிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. நீண்ட நேரான ஓட்டத்தில் முப்பது நாற்பது அடிக்கு ஒரு இடத்தில், பக்கவாட்டில் மேல்நோக்கிச் சாய்ந்த கிளை ஒன்றைப் பொருத்தி, நில மட்டத்துக்குக் கொண்டுவந்து திருகு மூடி போட்டுவிட வேண்டும். வருகிற குழாய்கள் சந்திக்கும் இடத்தில், நீர் போகும் திசைக்குச் சாய்ந்த இணைப்பே வேண்டும். மலசலகூடக் குழாயையும் குளிக்கும் தண்ணீரையும் இந்த வரிசையோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்கக்கூடாது. கிணற்றுக்குப் பக்கத்தில் முடிகிற வரிசை இது.

இப்படி மேலே பிடித்துக் கீழே விடுவது இந்த மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை. உலர்வலயத்தின் சிறுகுளத் தொகுதிகளில், குளத்துக்கு மேலே, வருகிற நீரின் மண்ணைத் தங்கவைக்கச் சிறு நீர்க்குழிகளும், அதற்கடுத்து மண்ணை அரிக்கும் புற்படுக்கைகளும் இருந்தன. சிங்களக் கிராமங்களில் இவற்றைக் கொடவல என்றும் பெரஹன என்றும் சொல்வார்கள். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பு 2017 இல் இலங்கையின் தொடர்குளக் கிராம முறையை உலக விவசாய மரபுரிமைகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. வவுனியா மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான சிறுகுளங்கள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் மேல்பகுதி காடழிக்கப்பட்டு, புல்லும் குழியும் போய், குளமே மண் பிடிக்கும் தொட்டியாக மாறியிருப்பதைப் பார்க்கிறவர்களுக்கு, மேலே பிடிக்காத மண் கீழே எதைச் செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

மாமி கேட்ட கேள்வி

மாமியின் வீட்டில் பழைய குழாயை வெட்டியெடுத்த பிறகு, புதுவரிசைக்கு நான் படம் கீறினேன். கூரைக் குழாய்கள் இறங்கும் இடங்களில் மண்தொட்டிகள், குசினி மூலையில் ஒரு பெட்டி, கிணற்றடிக்கு முன்னால் ஒரு பெட்டி. மேசன் அளந்து கயிறு கட்டி, மூடிக்கு இரண்டு அங்குலத் தடிப்பில் ஒரே கொங்கிறீற்றுப் பலகை வார்ப்பதற்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். எல்லா இடத்திலும் அப்படித்தான் வார்ப்பது. மாமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உந்த மூடியை ஆர் தம்பி தூக்கிறது?" என்று கேட்டார்.

மேசன் சிரித்துக்கொண்டு, ஒரு குரல் வைத்தால் தான் வந்து தூக்கித் தருவதாகச் சொன்னார். மாமி சிரிக்கவில்லை. "நீங்கள் வருவியள் அப்பு. மழைக்கை நாலு வீட்டுக்காரர் உங்களைக் கூப்பிடேக்கை, எனக்கு எப்ப வருவியள்?" என்றார். பிறகு எதுவும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

நான் அந்தச் சட்டத்தின் அளவைக் கணக்கிட்டேன். சுவரில் ஏறும் விளிம்பைச் சேர்க்காமலே இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு அங்குலத் தடிப்பு. கொங்கிறீற்று ஒரு கனமீற்றருக்கு 2,400 கிலோ. பலகை ஏறத்தாழ 45 கிலோ வருகிறது. கிட்டத்தட்ட ஒரு சீமெந்துப் பையின் பாரம். அதைக் கைபிடியும் இல்லாமல், நிலமட்டத்தில் இருந்து, இடுப்பு வலிக்கிற ஒரு பெண் தனியாகத் தூக்க வேண்டும் என்று நாங்கள் எந்தப் படத்திலும் எழுதுவதில்லை. தூக்கமுடியாத மூடியை வைத்துவிட்டுப் போவதன்மூலம், அந்தத் தொட்டியை எவரும் திறக்கப்போவதில்லை என்பதை முடிவு செய்துவிடுகிறோம். திறக்காத மண்தொட்டி ஓரிரு மாரியில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு அது குழாயின் இன்னொரு துண்டு, அவ்வளவுதான்.

இது மாமி ஒருவருடைய கதையாக இருந்தால் நான் இவ்வளவு நீட்டி எழுதமாட்டேன். போரில் கணவனை இழந்து தனியாகக் குடும்பத்தைக் கொண்டுபோகும் பெண்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலும் கொழும்பிலும் இருக்கத் தாங்கள் மட்டும் வளவைக் காத்துக்கொண்டிருக்கும் முதியவர்கள், காயங்களோடு வாழ்கிறவர்கள், கையில் பலம் இல்லாதவர்கள் என்று வன்னியின் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் அப்படியான வீடுகள் இருக்கின்றன. வாலிபன் ஒருவன் எப்போதும் வீட்டில் நிற்பான் என்று எண்ணி இந்த வீடுகளுக்கு வேலை செய்வது பெரிய அநீதி என்று எனக்குப் படுகிறது. வடிகால் என்பது கட்டுகிற நாளில் ஒருமுறை மேசனுக்கும், அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்த வீட்டுக்காரருக்கும் உரிய வேலை. படம் கீறுகிறவர் இரண்டாமவரின் தோளையும் முழங்காலையும் நினைத்துக் கீற வேண்டும்.

அன்று சட்டத்தைக் கழற்றி மாற்றி அடித்தோம். ஒரு பலகைக்குப் பதிலாக எட்டு அங்குல அகலத்தில் மூன்று பலகைகள். விளிம்பைச் சேர்க்காமல் ஒவ்வொன்றும் 15 கிலோ அளவில் வரும். ஆறு மில்லிமீற்றர் கம்பியை வளைத்து, மேற்பரப்புக்குள் அமிழ்ந்து கிடக்கும்படி இரண்டு முனையிலும் பிடி வைத்தோம், காலில் தடக்காது. முதற் பலகையைத் தூக்கிவிட்டால் மற்றவற்றைப் பக்கமாக நகர்த்தலாம், தூக்க வேண்டியதில்லை. தொட்டியின் ஆழத்தையும் மாற்றினோம். நில மட்டத்தில் இருந்து தளம் இரண்டடிக்கு மேல் போகக்கூடாது. அதற்குமேல் போனால் முழங்காலில் இருந்து சிரட்டையால் அள்ளுகிறவரின் கை எட்டாது, தலைகுப்புறக் குனிய வேண்டி வரும். ஆழத்தைக் குறைத்ததால் சேர்த்து வைக்கும் இடம் குறைந்ததே என்று மேசன் கேட்டார், நியாயமான கேள்வி. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி அள்ளுவது தனக்கு ஏலும், மொத்தமாக ஒருநாள் அள்ளுவது ஏலாது என்று மாமியே பதில் சொன்னார். மோட்டார் சைக்கிளும் லாண்ட்மாஸ்ரர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் போய்வருகிற வழியில் இருந்த பெட்டியை வேலியோரத்துக்கு மாற்றினோம், மெல்லிய பலகை அந்தப் பாரத்தைத் தாங்காது.

நுளம்பும் பாம்பும்

மண்தொட்டிக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களில் கவனமாகக் கேட்க வேண்டியது நுளம்பைப் பற்றியது. மழை விட்ட பிறகும் ஓரடித் தண்ணீர் அதற்குள் நிற்கும். டெங்கு நுளம்பு முட்டையில் இருந்து பறக்கிற நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி வளவில் நுளம்பு பெருக இடம் விடுவது குற்றம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் தொட்டிக்காரர்தான் பொறுப்பு. மணற்பாங்கான நிலமென்றால் தொட்டியின் தளத்துக்குச் சீமெந்து போடாமல் சல்லிமேல் விட்டுவிடலாம், தண்ணீர் தானாக இறங்கிவிடும். செம்மண்ணும் களியுமான இடத்தில் அது சரிவராது. மாமியின் வீட்டில் பலகைகளின் பொருத்துகளுக்கு அடியில் பழைய சைக்கிள் ரியூப்பை நீளமாக வெட்டி விரித்தோம். குழாய் விழும் கம்பித்தட்டின் கீழ் நுண்வலை கட்டினோம். மழை ஒரு வாரம் இடைவெளி விட்டால் ஒரு வாளியால் தண்ணீரை அள்ளி வாழைக்கு ஊற்றிவிட வேண்டும். மூடி இலகுவாகத் திறபடுவதால்தான் இதையும் செய்ய முடிகிறது.

பாம்பைப் பற்றி நீட்டத் தேவையில்லை. இங்கே எல்லோரும் அறிந்தது. பலகையைக் கையால் தொடமுன் தடியால் நாலு தட்டுத் தட்டி, கம்பியால் கொழுவி இழுத்துத் திறக்க வேண்டும். அதற்கென்று வளைத்த ஒரு கம்பி விறாந்தை வளையில் தொங்கட்டும்.

வெள்ளத்தையும் சொல்லியாக வேண்டும். 2018 மார்கழியில், 21 ஆம் திகதி இரவு தொடங்கிய பெருமழையில் முல்லைத்தீவும் கிளிநொச்சியும் மூழ்கின. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டு நிலத்தில் படிந்த சேற்றை எல்லோரும் வாரி வெளியே கொட்டினார்கள், கிணறுகளை இறைத்தார்கள். முற்றத்தின் கீழே கிடந்த குழாய்களை எவராலும் கழுவ முடியவில்லை, ஏனென்றால் அவற்றுக்கு வாய் இருக்கவில்லை. 2020 இல் புரெவிப் புயல் கரையேறி வன்னியைக் கடந்து போனபோதும் இதே கதைதான். திறக்கும் வாய் இருந்திருந்தால் மேல்வாயால் தண்ணீரை விட்டுக் கீழ்ப்பெட்டியில் சேற்றை அள்ளி முடித்திருக்கலாம்.

செலவு என்று பார்த்தால், புளொக்கல், கொஞ்சம் சீமெந்து, சல்லி, கம்பி, இணைப்புகள், மேசனின் கூலி ஆகியவைதான். சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. குழாய் அடியளவில் கூலி பேசப்படுகிறது. பெட்டிகள் அந்த அளவில் வருவதில்லை. ஆகவே எவரும் கேட்காவிட்டால் எவரும் கட்டுவதில்லை. வீட்டுத்திட்டங்களை வகுக்கிறவர்கள் தங்கள் படத்திலும் கணக்குத்தாளிலும் மண்தொட்டியையும் திறப்பு வாயையும் பிரித்துக்கொள்ளக்கூடிய மூடியையும் தனி வரிகளாக எழுத வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். வரி இருந்தால் வேலை நடக்கும். மேசன்மாருக்கும் அதற்குரிய கூலி கிடைக்கும்.

துப்புரவாக்கும் காலத்தை எங்கள் மாதங்களோடு சேர்த்துச் சொல்வதே வசதி. புரட்டாதி கடைசியில் பீலியையும் தொட்டிகளையும் ஒருமுறை. முதற் பெருமழை விட்ட அடுத்த நாள் ஒருமுறை, அன்றுதான் ஆண்டின் மண்ணில் பெரும்பங்கு வந்திருக்கும். மாரி நடுவில் மண் ஆறு அங்குலத்தைத் தொட்டால் ஒருமுறை. தை மாதத்துத் துப்புரவை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடக்கூடாது, ஈரமாக இருக்கும்போது சிரட்டையால் அள்ளுகிற மண் பங்குனியில் அலவாங்கு கேட்கும். அள்ளிய மணலை முற்றத்தின் மேற்பக்கத்தில் கொட்டினால் அடுத்த மழையில் அதே தொட்டிக்குத் திரும்பி வரும். தென்னைக்கும் வாழைக்கும் அடியில் போட்டுவிடலாம். காம்பும் இலையும் குப்பைக் கிடங்குக்கு நல்லவை.

வேலை முடிந்ததும் ஒரு தாளில் வரிசையைக் கீறி, காணி அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் பைக்குள்ளேயே வைக்கும்படி மாமியிடம் கொடுத்தேன். அதில் ஒவ்வொரு பெட்டியும் திருகு மூடியும் குசினி மூலையில் இருந்தும் கிணற்றுக் கட்டில் இருந்தும் எத்தனை அடி என்று இரண்டு அளவுகளாக எழுதப்பட்டிருக்கிறது. வேலியில் இருந்தோ மரத்தில் இருந்தோ அளந்தால் வேலி நகரும், மரம் விழும். குழாய் எவ்வளவு ஆழத்தில் போகிறது, எந்தப் பக்கம் சரிகிறது என்பதும் அதில் உண்டு. மாமி அதைப் பார்த்துவிட்டு, முன்வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்துக் கைபேசியில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பச் சொன்னார்.